பால் வற்றிய பசுவும் உப்பிய பேட்டரியும்

ஒரு ஆயுத பூஜைக்கு முதல் நாள் எங்கள் ஈசூன் வீட்டில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். அம்மா சாமி மேடைக்கு முன்னால் பாய் விரித்து, அப்பாவின் ஸ்பேனர் பெட்டி, தங்கையின் பாடப் புத்தகங்கள், என் லேப்டாப், சால்டரிங் அயர்ன் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். பிறகு என் கட்டிலுக்கு அடியில் கிடந்த மூன்று பிளாஸ்டிக் பெட்டிகளை இழுத்து வெளியே போட்டார்.

"இதுக்கும் பொட்டு வைக்கணுமா, இல்ல குப்பையில போடணுமா? நீயே சொல்லு."

உயர்நிலைப் பள்ளிக் காலத்திலிருந்து நான் சேர்த்தது எல்லாம் அதில்தான் இருந்தது. அர்டுயினோ போர்டுகள், சென்சார்கள், சர்வோ மோட்டார்கள், சிக்கலாகிப்போன ஜம்பர் வயர்கள், பாதி சால்டர் செய்து விட்ட சர்க்யூட்டுகள், ஒரு ட்ரோனின் பேட்டரிகள், முனை உடைந்த ஸ்க்ரூடிரைவர்கள். ஒன்று தேவைப்பட்டபோது, பத்து வாங்கினால் மலிவு என்று பத்து வாங்கியிருந்தேன். மீதி ஒன்பதும் பையைப் பிரிக்காமலே கிடந்தன.

எனக்குச் சட்டென்று ஒரு நல்ல பதில் கிடைத்தது. "யாருக்காவது குடுத்துடலாம்மா." அம்மாவும் சந்தோஷப்பட்டார். பொருளை வீணாக்காமல் பிள்ளை தானம் செய்கிறான் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஈசூன் புனிதமரம் பாலசுப்பிரமணியர் ஆலயத்தில் பங்குனி உத்திரத்துக்குத் தொண்டூழியம் செய்தபோது பழக்கமான ஒரு தம்பி, எங்களுக்குப் பக்கத்துப் புளோக்கில் இருக்கிறான். உயர்நிலை இரண்டு. ரோபோ செய்ய ஆசை. ஒரு பெட்டி முழுவதையும் அப்படியே தூக்கிக்கொண்டு போய் அவனிடம் கொடுத்தேன். "எல்லாம் உனக்குத்தான்டா." அவன் முகம் மலர்ந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது மனசு லேசாக இருந்தது, கட்டிலுக்கு அடியிலும் இடம் கிடைத்தது.

இரண்டு வாரம் கழித்து அவன் அம்மா என்னைக் கூப்பிட்டார். பெட்டியின் அடியில் ஒரு லித்தியம் பாலிமர் பேட்டரி இருந்தது. பையன் அதைச் சார்ஜ் போட்டிருக்கிறான். ஏதோ இனிப்பான ரசாயன வாசனை வருகிறதே என்று அவர் போய்ப் பார்த்தபோது, பேட்டரி தலையணை மாதிரி ஊதியிருந்தது. சுவிட்சை அணைத்து, சமையல் இடுக்கியால் தூக்கித் தாழ்வாரத்தில் வீசியிருக்கிறார். அங்கே அது சீறிப் புகைந்து கருகிப்போனது. எல்லாரும் வெளியேறி, கதவைச் சாத்திவிட்டு 995ஐ அழைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் யாருக்கு அது தோன்றும்? யாருக்கும் அடிபடவில்லை. சிமெண்டுத் தரையில் ஒரு கறுப்புத் தழும்பு மட்டும் நிற்கிறது.

அந்த ஆண்ட்டி என்னைத் திட்டவில்லை. "தம்பி, உன் மேல கோபம் இல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அது உப்பியிருந்தது உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

எனக்குத் தெரியும். கொடுக்கும்போதே அது கொஞ்சம் உப்பியிருந்தது. அந்த பேட்டரியை எங்கே போடுவது என்று தேடிப் பார்க்கச் சோம்பல். பெட்டியோடு போகட்டும், தம்பிக்கு எதற்காவது உதவும் என்று விட்டுவிட்டேன். "தெரியும் ஆண்ட்டி" என்று சொல்லிவிட்டுத் தலை குனிந்து நின்றேன்.

நண்பர்களே, இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. நமக்கு வேண்டாத ஒரு பொருளைக் கொடுத்துவிட்டால் அதன் மேல் நமக்குள்ள கடமை முடிந்துவிடுகிறதா?

நம் சமய வகுப்பில் எல்லாரும் கேட்ட கதைதான், நசிகேதன் கதை. கடோபநிஷத்தில் வருவது. அவன் தந்தை வாஜசிரவசர் தம்மிடம் உள்ளது அனைத்தையும் கொடுத்துவிடும் ஒரு பெரிய வேள்வி செய்கிறார். தட்சிணையாகப் பசுக்களை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். பையன் பார்க்கிறான். பால் வற்றியவை, இனிமேல் கன்று ஈனாதவை, புல் மேயவும் தெம்பில்லாத கிழட்டு மாடுகள். இப்படிக் கொடுக்கிறவருக்கு நல்ல கதி கிடைக்காதே என்று அவனுக்குப் பயம் வருகிறது. "அப்பா, என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?" என்று மூன்று முறை கேட்கிறான். கோபத்தில் தந்தை "எமனுக்கு" என்று சொல்லிவிடுகிறார். அவன் எமன் வீட்டு வாசலில் மூன்று இரவு பட்டினியாகக் காத்திருக்கிறான். அதற்குப் பிறகு வரும் ஆத்ம விசாரணையைத்தான் நாம் பெரிதாகப் பேசுவோம். கதை தொடங்குவது மாட்டுத் தொழுவத்தில் என்பதை மறந்துவிடுகிறோம்.

வாஜசிரவசர் கெட்டவர் இல்லை. ஊர் பார்க்க வேள்வி செய்தார், கொடுத்தார், கணக்கில் எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் அந்த மாட்டை வாங்கிக்கொண்ட ஏழைப் புரோகிதரை நினைத்துப் பாருங்கள். பால் கிடையாது. தீனி போட வேண்டும், நோய் வந்தால் பார்க்க வேண்டும், செத்தால் அடக்கம் செய்ய வேண்டும். வாஜசிரவசர் தம் செலவை இன்னொருவர் வீட்டுக்கு மாற்றி, அதற்குத் தானம் என்று பெயரும் வாங்கிக்கொண்டார். நான் செய்ததும் அதேதான். அவர் கொடுத்த மாடு உதவாதது, நான் கொடுத்தது ஆபத்தானது. அது ஒன்றுதான் வித்தியாசம்.

கீதையின் 17ஆம் அத்தியாயம் தானத்தை மூன்று வகையாகப் பிரிக்கிறது. கைம்மாறு எதிர்பார்க்காமல், கடமை என்று உணர்ந்து, தகுந்த இடத்தில், தகுந்த காலத்தில், தகுந்தவருக்குக் கொடுப்பது சாத்விகம். இதை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். தகுந்தவர் என்றால் நல்லவர், படித்தவர் என்று மட்டும் புரிந்து வைத்திருந்தேன். இப்போது வேறு மாதிரி படிக்கிறேன். அந்தப் பொருளைப் பத்திரமாகக் கையாளத் தெரிந்தவர் யாரோ, அவர்தான் அந்தப் பொருளுக்குத் தகுந்தவர். அந்தத் தம்பி நல்ல பையன். ஆனால் உப்பிய பேட்டரிக்கு அவன் தகுந்தவன் இல்லை. மின்கழிவைப் பிரித்தெடுக்கத் தெரிந்த நிறுவனம்தான் அதற்குத் தகுந்த இடம்.

சரி, யாருக்கும் கொடுக்காமல் குப்பைத் தொட்டியில் போட்டிருந்தால்? வீவக வீட்டில் வளர்ந்த நமக்கு இது ரொம்பச் சுலபம். குழாயின் மூடியைத் திறந்து உள்ளே தள்ளினால் 'தொப்'பென்று ஒரு சத்தம், அத்தோடு மறந்துவிடலாம். அந்தச் சத்தத்துக்குப் பிறகு என்ன நடக்கிறது? நம் ஊர்க் குப்பை எரிஆலைகளுக்குப் போகிறது. ஒன்று ஈசூனுக்குப் பக்கத்திலேயே செனோக்கோவில் இருக்கிறது. எரித்தால் குப்பையின் கொள்ளளவு ஏறத்தாழ 90 விழுக்காடு குறையும். மிஞ்சும் சாம்பல் படகில் ஏறி செமாக்காவ் தீவுக்குப் போகிறது. 1999ல் அங்கே குப்பை நிரப்பத் தொடங்கினார்கள். 2035 வாக்கில் அது நிரம்பிவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 2035ல் நமக்கெல்லாம் முப்பது வயதுக்கு மேல் ஆகியிருக்கும், சிலருக்குப் பிள்ளைகள் இருப்பார்கள். 'வெளியே தூக்கிப் போடு' என்கிறோமே, இந்தத் தீவில் அந்த 'வெளியே'வுக்கு ஒரு பெயரும் ஒரு கடைசி வருஷமும் இருக்கின்றன. எரிஆலைக்குப் போகும் வழியிலேயே லாரியில் லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கலாம். அந்த லாரியை ஓட்டுபவரும் ஒருவருடைய அண்ணன்தான், அப்பாதான்.

தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் கணக்குப்படி சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 60,000 டன் மின்கழிவு சேர்கிறது, தலைக்கு 11 கிலோ. ஐநா அமைப்புகள் 2024ல் வெளியிட்ட அறிக்கை, உலகம் முழுவதும் 2022ல் 62 மில்லியன் டன் மின்கழிவு உருவானதாகவும், அதில் 22.3 விழுக்காடு மட்டுமே முறையாகச் சேகரித்து மறுபயனீடு செய்யப்பட்டதாகவும் சொல்கிறது. மீதியில் ஒரு பகுதி டெல்லியின் சீலம்பூர் மாதிரி இடங்களில், கையுறைகூட இல்லாத தொழிலாளிகளிடம் போய்ச் சேருகிறது. செம்புக்காக வயரை எரிப்பார்கள், தங்கத்துக்காகப் போர்டை ஆசிட்டில் முக்குவார்கள். அங்கேயும் கடைசியில் வாங்கிக்கொள்பவர் ஏழைதான். நசிகேதனின் மாடு இன்று கடல் கடந்து போகிறது.

இங்கே சிலர் கேட்பார்கள்: "60,000 டன்னில் என் பெட்டி ரெண்டு கிலோ. இதுக்குப் போய் உபநிஷதமா?" நியாயமான கேள்விதான். அளவை வைத்துப் பார்த்தால் என் பெட்டி ஒன்றுமே இல்லை. ஆனால் அந்தத் தாழ்வாரத் தழும்பு 60,000 டன்னில் வரவில்லை. ஒரு பேட்டரியில், ஒருவனுடைய சோம்பலில் வந்தது. கர்ம வினை என்று நாம் சொல்வது அடுத்த பிறவிக் கணக்கு மட்டும் இல்லை. நான் செய்த ஒன்று என் வீட்டு வாசலோடு நிற்காமல் பக்கத்துப் புளோக் வரை நடந்து போனதை என் கண்ணால் பார்த்தேன்.

இன்னொரு வாதம் கொஞ்சம் ஆன்மிகமாகவே வரும். "பொருள் மேல பற்று வேண்டாம்னுதானே நம்ம சமயம் சொல்லுது? தூக்கிப் போட்டுட்டு நிம்மதியா இரு." பதஞ்சலி சொல்லும் ஐந்து யமங்களில் கடைசியானது அபரிக்கிரகம், தேவைக்கு மேல் சேர்க்காதிருத்தல். அது உண்மை. ஆனால் அது வாங்கும்போதே தொடங்க வேண்டிய விரதம். ஒன்று போதும் என்ற இடத்தில் பத்து வாங்கிவிட்டு, மீதி ஒன்பதைக் குழாயில் தள்ளுவதற்கு அபரிக்கிரகம் என்று பெயர் வைக்க முடியாது. கீதையின் கடைசி அத்தியாயம் தியாகத்தையும் மூன்றாகப் பிரிக்கிறது. சிரமமாக இருக்கிறதே என்று கடமையை விடுவது ராஜசம், அதற்குத் தியாகத்தின் பலன் கிடையாது என்கிறது. நான் பெட்டியைக் 'கொடுத்த' அன்று விட்டது பொருளை இல்லை, சோதித்துப் பார்க்கும் சிரமத்தைத்தான்.

அதற்காக எல்லாவற்றையும் காலத்துக்கும் கட்டிலுக்கு அடியில் வைத்திருப்பது சரியாகிவிடுமா? அதுவும் இல்லை. பேட்டரி சும்மா கிடந்தாலும் கெடும். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் வருஷக்கணக்கில் கிடந்தால் உலர்ந்து போகும். இன்று வேலை செய்யும் சென்சாரை ஒரு மாணவன் கடையில் புதிதாக வாங்கிக்கொண்டிருக்கும்போது, என் பெட்டியில் அது பழசாகிக்கொண்டிருக்கிறது. காலம் தவறினால் நல்ல பொருளும் பால் வற்றிய பசுவாகிவிடும். கீதை 'தகுந்த காலம்' என்று சொன்னதை நான் இப்படியும் எடுத்துக்கொள்கிறேன்.

மீதி இரண்டு பெட்டிகளை என்ன செய்தேன் என்று சொல்கிறேன். இது முழுக்கச் சரி என்று சொல்ல வரவில்லை, ஒரு தொடக்கம்தான்.

முதலில் எல்லாவற்றையும் மேசையில் கொட்டி, ஒவ்வொன்றாகச் சோதித்தேன். இரண்டு சனிக்கிழமை ஆனது. வேலை செய்பவற்றைத் தனித்தனிச் சின்னப் பையில் போட்டு, பெயர், எத்தனை வோல்ட், சோதித்த தேதி, தெரிந்த குறை ஆகியவற்றை எழுதி ஒட்டினேன். வைஃபை போர்டுகளில் எங்கள் வீட்டு வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும் நினைவகத்தில் அப்படியே இருக்கும், அதை அழித்தேன். மைக்ரோ எஸ்டி கார்டுகளையும் அப்படியே. பிறகு, "வேணுமா?" என்று கேட்ட பிறகே கொடுத்தேன். பட்டியலை அனுப்பினால் அவரவருக்கு வேண்டியதை மட்டும் கேட்பார்கள். மொத்தமாகத் தலையில் கட்டுவதை விட இதில் நேரம் அதிகம் ஆகும். ஆனால் வாங்குபவருக்கு 'வேண்டாம்' என்று சொல்ல ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. அந்த வாய்ப்பைத்தான் நான் அந்தத் தம்பிக்குக் கொடுக்கவில்லை.

கருவிகளில் இன்னும் கவனம் வேண்டும். என் மல்ட்டிமீட்டரின் ஒரு வயரில் ரப்பர் வெடித்திருந்தது. ஐந்து வோல்ட் சர்க்யூட்டுக்கு அது போதும் என்று நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். வாங்குபவர் அதையே சுவரிலுள்ள 230 வோல்ட் பிளக்கில் வைத்துப் பார்த்தால்? வயரை மாற்றிய பிறகுதான் கொடுத்தேன். சரிசெய்யக்கூடியவற்றுக்கு ரிப்பேர் கோப்பித்தியாம் என்ற அமைப்பு இருக்கிறது, 2014லிருந்து நடக்கிறது. தொண்டூழியர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, நம் கையாலேயே சரிசெய்யக் கற்றுக்கொடுப்பார்கள்.

செத்துப்போன பொருட்களுக்கு மின்கழிவுப் பெட்டி. 2019ல் நிறைவேறிய வளநீடிப்புச் சட்டத்தின் கீழ், 2021 ஜூலை 1லிருந்து மின்பொருட்களைத் தயாரிப்பவர்களும் இறக்குமதி செய்பவர்களும் அவற்றின் கழிவைச் சேகரிக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும். விற்றதோடு கடமை முடியவில்லை என்று நிறுவனங்களுக்கே சட்டம் சொல்கிறது. வாங்கிய நமக்கு மட்டும் அது எப்படி முடியும்? கடைத்தொகுதிகளில் இருக்கும் அந்தப் பெட்டிகளில் எதைப் போடலாம் என்று வெளியே ஒட்டியிருப்பார்கள். கைபேசி, லேப்டாப், மோடம், பேட்டரி, பல்பு என்று பட்டியல் போகும். பிரெட்போர்டு, சர்வோ மோட்டார் மாதிரி நம் பொழுதுபோக்குச் சாமான்கள் அந்தச் சட்டப் பட்டியலில் இல்லை. அதனால் பட்டியலில் இல்லாததைச் சும்மா உள்ளே தள்ளாமல், யார் எடுத்துக்கொள்வார்கள் என்று கேட்டுவிட்டுக் கொண்டுபோக வேண்டும். அந்த நீலநிற மறுபயனீட்டுத் தொட்டி காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகத்துக்கு. அதில் மின்பொருள் போடக்கூடாது.

நாம் சாதாரணமாக நினைப்பதிலும் விஷம் இருக்கிறது. பழைய வகை சால்டரில் ஏறக்குறைய 40 விழுக்காடு ஈயம். இருட்டினால் விளக்கு எரிய நாம் முதலில் கற்கும் அந்தச் சின்ன ஒளி சென்சாரில் காட்மியம் உண்டு. செப்புப் போர்டை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசலைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றவே கூடாது. பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டித்தான் எடுத்துப் போக வேண்டும். உப்பியதைச் சார்ஜ் போடக்கூடாது, குத்தக்கூடாது, யாருக்கும் கொடுக்கவும் கூடாது. பொதுப் பெட்டியிலும் போடாமல், முன்கூட்டியே கேட்டுவிட்டு நேரில் ஒப்படைக்க வேண்டும்.

என் தாத்தா காலத்தில் இதெல்லாம் இப்படிச் சிக்கலாக இல்லை என்பார்கள். பழசு எதுவானாலும் காராங் குனிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு வருவார், எடுத்துப் போவார். அந்தக் 'குனி' வேறு எதுவும் இல்லை, நம் கோணிப்பைதான். லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போகக்கூடிய சுங்கை ரோடு சந்தையில் பழைய ரேடியோவும் ஸ்பேனரும் அடுத்த ஆள் கைக்கு மாறும். 2017 ஜூலை 10ஆம் தேதி அந்தச் சந்தை மூடப்பட்டது. அங்கே விற்பவரும் வாங்குபவரும் பொருளைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, "ஓடுமா, ஓடாதா?" என்று நேருக்கு நேர் கேட்டுக்கொண்டார்கள். சந்தை போய்விட்டது. அந்தக் கேள்வி போய்விடக்கூடாது.

ஆயுத பூஜை நமக்கு அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு நாள் தருகிறது. கருவிக்குப் பொட்டு வைப்பது அதை நாம் சொந்தமாக வைத்திருக்கிறோம் என்பதற்காக இல்லை, அதோடு நமக்கு ஒரு உறவு இருக்கிறது என்பதற்காக. உறவு என்றால் கடைசி வரை பார்க்க வேண்டும். நம் இளையர் அணியில் ஒரு யோசனை வைக்கிறேன்: அடுத்த ஆயுத பூஜைக்கு முந்திய வாரம் ஒரு மேசை போடுவோம். வீட்டில் கிடப்பதைக் கொண்டு வாருங்கள். பொறியியல் படிக்கும் நாங்கள் சோதித்து, எழுதி ஒட்டித் தருகிறோம். நல்லது கேட்பவருக்குப் போகட்டும், செத்தது அதற்குரிய இடத்துக்குப் போகட்டும், ஆபத்தானது யார் பிள்ளை கைக்கும் போகாமல் இருக்கட்டும்.

அந்தத் தம்பி ரோபோவை விடவில்லை. இப்போது சனிக்கிழமைகளில் என் கூட உட்கார்ந்து சோதிக்கிறான். போன வாரம் ஒரு பழைய பேட்டரியைக் கையில் எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்து, "அண்ணா, இது லேசா உப்பியிருக்கு" என்று தனியாக எடுத்து வைத்தான். நான் அன்றைக்குச் செய்திருக்க வேண்டியது அவ்வளவுதான். இருபது வினாடிகூட ஆகவில்லை.